மதிற்பொறிகளும் மறையும் கருவிகளும்

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையின் இறுதியில், மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு மதுரையின் மதில்வாயிலைக் கடந்து தன் இல்லம் சேர்கிறாள். அங்கே இளங்கோவடிகள் மதிலைக் காக்கும் கருவிகளை வரிசைப்படுத்துகிறார். கருவிரல் ஊகம், தூண்டில், ஆண்டலை அடுப்பு, ஐயவித்துலாம், கைபெயர் ஊசி, பன்றி எனப் பட்டியல் நீள்கிறது. பெரும்பாலும் பெயர்களே உள்ளன. இயங்கும் முறையைக் காப்பியம் கூறவில்லை. கருவிகளோ அழிந்தொழிந்தன.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அடியார்க்குநல்லார் இவற்றுக்குப் பொருள் கண்டார். கருவிரல் ஊகம் என்பது குரங்கு வடிவில் அமைந்து, நெருங்கினாரைக் கடிக்கும் பொறி என்றார். தூண்டில் என்பது தூண்டில் வடிவினதாய், மதிலேற முயல்வாரை மாட்டி இழுக்கும் கருவி என்றார். வடிவத்திலிருந்து தொழிலை உய்த்துணரும் நெறி இது. மெர்சிங் போன்ற மீன்பிடி ஊரில் பயிலும் மாணவனுக்கு இவ்வுரை உடனே விளங்கும். மீனைப் பிடிக்கும் கொக்கி பகைவனைப் பிடிப்பதை அவனால் மனக்கண்ணால் காண இயலும்.

எனினும், பெயர் ஒன்றே போதிய சான்றாகாது. ஐயவி என்பது வெண்சிறுகடுகு. துலாம் என்பது நிறைகோல். பெயரை மட்டும் பற்றிக்கொண்டால் ஐயவித்துலாம் கடுகு நிறுக்கும் தராசு என்றாகிவிடும்! மதில்மேல் கடுகு வணிகம் நடந்திராது. அது போர்க்கருவி என்பதை உணர்த்துவது அச்சொல் நிற்கும் இடமே.

ஆண்டலை அடுப்பை, பறந்து சென்று பகைவரின் தலையைக் கொத்தும் பறவைப்பொறி என்கிறார் உரையாசிரியர். ஆனால் அதே பட்டியலில் கொதிக்கும் நெய்யும், உலோகம் உருக்கும் உலையும் உள்ளன. அவற்றை நோக்கின், பறவைத்தலை வடிவில் அமைந்த உண்மையான அடுப்பாகவும் அது இருந்திருக்கலாம் அன்றோ? இரண்டும் ஊகமே. ஊகித்தது உரையாசிரியரின் குற்றமன்று. அவருடைய துணிவே இப்பகுதியை நமக்குத் திறந்துவிட்டது. அவ்வூகத்தையே வரலாறாக்கி, பழந்தமிழர் பறக்கும் பொறி செய்தனர் என்று மேடைகளில் முழங்குவதே தவறு. மாணவர் முன் "இஃது உரையாசிரியர் கருத்து" என்று கூறுவதால் தமிழின் பெருமை குறைந்துவிடாது.

பெயர், சூழல் என்னும் இரு சான்றுகளுக்கு மேல் மூன்றாவது ஒன்றும் உண்டு. அது கருவியைக் கையாண்டவரின் சொல். மதிற்பொறிகளைப் பொறுத்தவரை அச்சான்று நமக்கு இல்லை. நம் நாட்டுத் தோட்டக் கருவிகளுக்கோ அஃது இன்றும் உயிரோடிருக்கிறது.

தூண்டிலை அறிந்த அதே மாணவனிடம் "காண்டா" என்று சொன்னால் விழிப்பான். பால்வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு அது. காவடிபோல் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு உறவுடையது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் சுமந்து விற்ற சோறு "நாசி கண்டார்" எனப்பட்டதும் அதனால்தான். சுமக்கும் கம்பு மறைந்தும் பெயர் உணவகப் பலகையில் வாழ்கிறது. பால்மரம் சீவும் உளியையும் எண்ணிப் பாருங்கள். அதன் வளைந்த வாயை மட்டும் காண்பவன் தச்சர் கருவி என்று கருதக்கூடும். மரத்திற்குக் காயம் படாமல் பட்டையை மெல்லியதாய்ச் சீவி, பால் வழிந்தோடச் சரிவான கோடு இடுவதற்கே அவ்வளைவு என்பதை, சீவிய கைதான் விளக்க வல்லது.

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன. உளியும் மங்கும் காண்டாவும் நம் கதைகளில் விளக்கமின்றி நிற்கின்றன. இக்கதைகளைப் பதிப்பிப்போர் அருஞ்சொல் விளக்கத்துடன் கருவிகளின் படங்களையும் சேர்த்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் மாணவரை முதியோரிடம் அனுப்பி, கருவியின் பெயர், வடிவம், பிடிக்கும் முறை, பயன் ஆகிய நான்கையும் எழுதி வரச் செய்தல் வேண்டும். அடியார்க்குநல்லாருக்குக் கிட்டாத வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது. அம்முதியோர் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோமாக.