பின்களத்திலிருந்து பிறக்கும் தாக்குதல்

எதிரணியின் கோலைத் தடுப்பதோடு பின்கள வீரரின் கடமை முடிகிறது என்ற கருத்து கால்பந்தில் நெடுங்காலத்துக்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. எலெனியோ எர்ரேரா பயிற்றுவித்த, இறுக்கமான தற்காப்புக்குப் பெயர்பெற்ற இன்டர் மிலான் அணியில் இடப்பக்கப் பின்கள வீரரான ஜியாசிந்தோ ஃபாக்கெட்டி, 1965-66 இத்தாலிய லீக் பருவத்தில் 10 கோல்கள் அடித்தார். அங்கே ஒரு பக்கத்தில் மட்டும் திறந்திருந்த அந்த வழியை இரு பக்கமும் திறந்து, அணியின் முதன்மைத் தாக்குதல் முறையாகவே ஆக்கியது யர்கன் க்ளாப் பயிற்றுவித்த லிவர்பூல்.

2018-19 பிரீமியர் லீக்கில் லிவர்பூல் அடித்த 89 கோல்களில், வலப்பக்கப் பின்கள வீரர் ட்ரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட் 12 கோல்களுக்கும், இடப்பக்கத்தில் ஆடிய ஆண்டி ராபர்ட்சன் 11 கோல்களுக்கும் 'அசிஸ்ட்', அதாவது கோலாக முடியும் கடைசிப் பாஸ், வழங்கினர். கால் பங்குக்கும் சற்று அதிகமான கோல்கள் இவ்விருவர் காலிலிருந்து உருவாகியும், அணி வாங்கிய கோல்கள் 22 மட்டுமே என்பதும், அது அப்பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைவு என்பதும் சேர்த்து நோக்கத்தக்கவை.

இந்தத் தாக்குதல் முறையின் இயக்கம் முன்களத்தில் தொடங்கியது. முன்கள வீரர்களான சலாவும் மானேயும் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி நகர, நடுவில் ஆடிய ஃபிர்மினோ கீழிறங்கிப் பந்தை வாங்க, அவர்களைத் தொடர்ந்த எதிரணித் தடுப்பாளர்கள் நடுவே நெருங்கிவிட்டதால், மைதானத்தின் விளிம்புகள் காலியாகின. கோலுக்கு முதுகு காட்டியபடி பந்தை வாங்கும் முன்கள வீரரைப் போலன்றி, பின்னாலிருந்து ஓடிவந்த பின்கள வீரர் களம் முழுவதையும் கண்முன் கொண்டு அவ்வெளியை அடைந்தார். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு அலெக்சாண்டர்-அர்னால்ட் அனுப்பிய நீண்ட குறுக்குப் பாஸை நோக்கி எதிரணித் தடுப்பு வரிசை நகர்ந்து முடிப்பதற்குள், ராபர்ட்சனின் 'கிராஸ்', அதாவது பக்கவாட்டிலிருந்து கோல்முகத்துக்கு அனுப்பும் பந்து, புறப்பட்டுவிட்டது.

இவ்விருவரும் ஒரே நேரத்தில் முன்னேற முடிந்ததன் காரணம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. ஹெண்டர்சன், வைனால்டம், ஃபபின்யோ ஆகிய நடுக்கள வீரர்கள் கோல் வாய்ப்புகளை அதிகம் உருவாக்கவில்லை என்பது குறையாகச் சொல்லப்பட்டாலும், பின்கள வீரர் விட்டுச்சென்ற இடத்தைக் காப்பதே அவர்களது தலையாய வேலையாக இருந்தது. அவர்களையும் தாண்டி வரும் நீண்ட பந்துகளை மையப் பின்கள வீரர் விர்ஜில் வான் டைக் தடுத்துவந்தார்.

அந்த அடித்தளம் கலைந்தபோது விளைவு தெளிவாகவே தெரிந்தது. 2019-20 பருவத்தில் 85 கோல்களுடன், 30 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டத்தை வென்ற லிவர்பூல், 2020 அக்டோபரில் வான் டைக்கையும், பின்னர் மற்ற மையப் பின்கள வீரர்களான ஜோ கோமஸ், ஜோயல் மாட்டிப் ஆகியோரையும் காயத்தால் இழந்தது. ஃபபின்யோவும் ஹெண்டர்சனும் மையப் பின்களத்துக்கு இறக்கப்பட, நடுக்களம் தன் காவலை இழந்தது. 2021 தொடக்கத்தில் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் அடுத்தடுத்து 6 லீக் ஆட்டங்களில் தோற்ற அந்த அணியின் பருவ மொத்தக் கோல்கள் 68 ஆகக் குறைந்தன. காயமுற்ற மூவரும் தடுப்பாளர்களே. ஆனாலும் அவர்களோடு 17 கோல்களும் போயின. அசிஸ்ட் பட்டியலில் இடம்பெறாத அவர்களது பங்கை அளந்து காட்டியது அந்த இழப்புதான்.