தவறிய குண்டையும் எண்ணுங்கள்

பழைய வேட்டைக் கதைகளின் மேல் உள்ள மயக்கம் அந்தக் காலத்துத் துப்பாக்கியின் மேலும் படிந்துவிடுகிறது. குழலுக்குள் சுருள் காடி வெட்டாத 12 போர் ஷாட்கனில் ஈய உருண்டை போட்டுச் சுட்டால் ரைஃபிளுக்கு ஒன்றும் குறைவில்லை என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாட்சிக்கு முதலில் ஃப்ரெடரிக் செலூஸை அழைத்து வருவார்கள். 1870களில் ஆப்பிரிக்காவில், காடியில்லாத 4 போர் துப்பாக்கிகளால் நாலு அவுன்ஸ் உருண்டை சுட்டு எழுபதுக்கு மேல் யானைகளை வீழ்த்தியவர் அவர். உண்மைதான். யானை எவ்வளவு பெரிது, அவர் எவ்வளவு நெருங்கி நின்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

உருண்டைக்கு நல்ல குணங்கள் இல்லாமல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வடிவம். நீளக் குண்டைப்போல் காற்றில் குட்டிக்கரணம் போடாது. வார்ப்பது சுலபம். 12 போர் குழலை நிறைக்கும் உருண்டை ஏறத்தாழ 38 கிராம் ஈயம். முப்பது கஜத்தில் காட்டுப்பன்றியின் தோளில் இறங்கினால் பிறகு பேச்சில்லை.

முப்பது கஜத்து வெற்றியை வைத்து நூறு கஜத்துக்குக் கணக்குப் போடும்போதுதான் தகராறு. 25 கஜத்தில் குண்டுகள் மூன்று அங்குல வட்டத்துக்குள் விழுந்தன, ஆகவே நூறில் பன்னிரண்டு அங்குலம், மானுக்கு அது போதும் என்கிறார்கள். நாலால் பெருக்கும் இந்த வாய்ப்பாடு ரைஃபிளுக்கு ஓரளவு சரி. காடியில்லாக் குழலிலிருந்து வரும் உருண்டைக்குச் சரியில்லை.

12 போர் குழலின் உள் விட்டம் சுமார் 18.5 மி.மீ. முழு சோக் உள்ள குழலென்றால் வாய்ப்பக்கம் ஏறத்தாழ 1 மி.மீ. ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தில் சிக்காமல் போக, உருண்டை அதைவிடச் சிறிதாக இருந்தாக வேண்டும். சிறிதாக இருந்தாலோ குழலுக்குள் இங்கும் அங்கும் முட்டிக்கொண்டே வருகிறது. வெளியேறுமுன் கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ, அந்த உரசல் அதைச் சுழற்றிவிடுகிறது. ரைஃபிளின் காடி குண்டைப் பறக்கும் திசையையே அச்சாக்கிச் சுழற்றும். இங்கே அச்சு குண்டுக்குக் குண்டு மாறும். சுழற்பந்து வீச்சாளரின் பந்து தரையில் படுமுன்பே காற்றில் விலகுவதுபோல, இந்த உருண்டையும் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. தள்ளல் வழிநெடுக நீடிப்பதால், தூரம் இரட்டித்தால் விலகல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 25 கஜத்தில் அரை அங்குலமாக ஒளிந்திருந்த வளைவு நூறு கஜத்தில் எட்டு அங்குலம். குழலை விட்டுக் கிளம்பும்போதே ஏற்படும் கோணல் வேறு.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பெஞ்சமின் ராபின்ஸ் 1740களிலேயே இதை இங்கிலாந்தில் செய்து காட்டிவிட்டார். குழலின் நுனியை இடப்பக்கம் லேசாக வளைத்து, மெல்லிய தாள் திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார். கிட்டத்துத் திரைகளில் துளை இடப்பக்கம் விழுந்தது; தூரத்திலோ குண்டு குறுக்கே திரும்பி வலப்பக்கம் போய்விட்டது. வளைவில் உருண்டை வலப்பக்கச் சுவரை ஒட்டி உருண்டு வந்ததுதான் காரணம்.

துணி சுற்றி இறுக்கிப் போட்டால் ஆட்டம் குறையும் என்பார்கள். குறையும், சுழற்சியின் அச்சைத் தீர்மானிக்கக் குழலில் எதுவும் இல்லை என்பது மாறாது. என் நெடுநாள் மனத்தாங்கல் வேறு. ஐந்து சுட்டு, நாலு சேர்ந்து விழுந்து, ஒன்று விலகிப் போனால், “அது என் கை நடுக்கம்” என்று அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். என்ன பெருந்தன்மை! விலகிப் போன அந்த ஒன்றுதான் துப்பாக்கியின் வாக்குமூலம். அட்டையில் தள்ளுபடி செய்யலாம். காட்டில் அது வயிற்றில் ஈயத்தோடு ஓடும் மிருகம்.

1907இல் சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டபோது ஜிம் கார்பெட்டிடம் ரைஃபிள் தோட்டா தீர்ந்துவிட்டது. ஓடிப்போய் தாசில்தாரின் ஷாட்கனை வாங்கி, இருபது அடி தூரத்தில், திறந்த வாய்க்குக் குறிவைத்தார். குண்டு பட்டது வலது முன்பாதத்தில். அதுவும் ஆழமாக இறங்கவில்லை. நகத்தாலேயே பிறகு அதைத் தோண்டி எடுத்தார். புலி ஏற்கெனவே ரைஃபிள் குண்டு பட்டுச் சாகும் தறுவாயில் இருந்ததால் அவர் பிழைத்தார். அது உருளைக் குண்டு, துப்பாக்கியும் பூட்டுத் தளர்ந்த கிழம் என்று மறுப்பீர்கள். மறுக்கலாம். ஊரில் ஆபத்துக்குக் கைக்கு வந்த துப்பாக்கி அதுதானே?

துப்பாக்கித் தொழிலே இந்த வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சி. ஃபாஸ்பெரி 1885இல் காப்புரிமை பெற்று, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ‘பாரடாக்ஸ்’ என்ற பெயரில் விற்ற துப்பாக்கியில், குழல்வாய்ப் பக்கம் சில அங்குலங்களுக்கு மட்டும் காடி வெட்டியிருந்தது. ரவையும் சுட வேண்டும், குண்டும் நேராகப் போக வேண்டும் என்று கேட்ட ஷிகாரிகள் அந்தச் சில அங்குலத்துக்குத்தான் பணத்தைக் கொட்டினார்கள். உருண்டையின் வக்கீல்கள் அடுத்த முறை நூறு கஜத்தில் பத்துக் குண்டு சுட்டு, பத்துத் துளையையும் காட்டட்டும்.