சுமார் நாற்பது வயது, தொழில் மாலுமி

கடல் வழக்குகளுக்கான லண்டன் அட்மிரால்டி நீதிமன்றத்தில் அந்நாளில் சாட்சிகளை மன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. தனியே உட்காரவைத்து விசாரித்து, சொன்னதை எழுதிக்கொள்வார்கள். நீதிபதி முன் போனது அந்த எழுத்துதான். சரக்குத் தகராறு, கூலி பாக்கி, கப்பல் மோதல் என எந்த வழக்கானாலும் மாலுமியின் வாய்ச்சொல் எழுத்தரின் பேனா வழியாகவே நீதிக்குப் போய்ச் சேர்ந்தது. 1536-இல் தொடங்கும் அந்த வாக்குமூலப் பதிவேடுகள் இன்று க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மை கருமை போய்ப் பழுப்பேறிவிட்டது. சில தாள்களில் மறுபக்கத்து எழுத்து ஊறி இந்தப் பக்கத்து எழுத்தோடு கலந்து நிற்கிறது. முதன்முதலில் பார்ப்பவர் அது ஆங்கிலம் என்று ஒப்புக்கொள்ளவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

எழுத்தர்கள் பயன்படுத்தியது ‘செக்ரெட்டரி’ எனப்படும் விரைவெழுத்து. இதில் ‘ஈ’ என்னும் எழுத்து முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும். ‘சி’ இன்றைய ‘ஆர்’ போலிருக்கும். ‘ஹெச்’சின் வால் வரிக்குக் கீழே சுழித்துக்கொண்டு ஓடும். ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ ஆக வேஷம் கட்டும். ‘ஐ’, ‘என்’, ‘எம்’, ‘யு’ நான்கும் குட்டைக் கோடுகள்தான்; பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று எண்ணித்தான் பிரிக்க வேண்டும். புள்ளியில்லாத ஏட்டுச்சுவடியில் அது ரகரமா காலா என்று தடுமாறிய தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு இந்தப் பாடு புரிந்திருக்கும்.

சுருக்கக் குறிகள் வேறு. ‘பி’யின் காலில் ஒரு குறுக்குக் கோடு விழுந்தால் அது ‘பெர்’ அல்லது ‘பார்’. சொல்லுக்கு மேலே ஒரு நெளிகோடு இருந்தால் கீழே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று பொருள். கிறிஸ்டோபர் என்ற பெயரை ‘எக்ஸ்’, ‘பி’ என்று தொடங்கியிருப்பார்கள். அவை கிரேக்க எழுத்துகள். கிறிஸ்துவின் பெயருக்கான பழைய சுருக்கம். பெரிய ‘எஃப்’ எழுதும்போது இரண்டு சின்ன ‘எஃப்’களைச் சேர்த்துப் போடுவது அக்கால வழக்கம். அயர்லாந்தின் கால்வே நகரத்துப் பழைய வணிகக் குடும்பங்களில் ஒன்றான ஃபிரெஞ்ச் குடும்பம் இன்றும் தன் பெயரை அப்படி இரட்டைச் சின்ன எழுத்திலேயே வைத்திருக்கிறது. எழுத்தரின் கைப்பழக்கம் ஒரு வம்சத்தின் பெருமையாகிவிட்டது!

ஐரிஷ் மூதாதையரைத் தேடுபவர் லண்டனுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. 1922 ஜூன் 30 அன்று, ஐரிஷ் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுகளின் நீதிமன்றக் கட்டுகளும், உயில்களும், மக்கள்தொகைக் கணக்குகளும் பெரும்பாலும் சாம்பலாயின. ஆனால் வாட்டர்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட், கின்சேல் துறைமுகங்களின் மாலுமிகள் உள்ளூரிலேயே அடங்கிக் கிடந்தவர்கள் அல்லர். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்வந்து, வழியில் வம்பில் மாட்டி, லண்டனில் சாட்சி சொன்னார்கள். அங்கே சொன்னது பிழைத்தது. 1536 முதல் 1641 வரையான இந்த வாக்குமூலங்களில் அயர்லாந்து தொடர்பானவற்றைத் திரட்டி ஜான் ஆப்பிள்பி தொகுத்த விவரப் பட்டியலை ஐரிஷ் கையெழுத்துச் சுவடி ஆணையம் 1992-இல் வெளியிட்டது. எங்கே தேடுவது என்பதை அது சொல்லும். மூலத்தைக் கண்ணால் படித்தே தீர வேண்டிய வேலை அதற்குப் பிறகும் மிச்சமிருக்கிறது.

அந்த மூலம் எப்போதும் ஒரே மாதிரி தொடங்கும்: இன்னார், இன்ன ஊர், தொழில் மாலுமி, வயது சுமார் நாற்பது. பிறகு மேற்படி கப்பல், மேற்படி தலைவன், மேற்படி சரக்கு என்று பக்கம் பக்கமாக மேற்படிகள். மாலுமி ‘நான்’ என்று சொன்னதையெல்லாம் எழுத்தர் ‘இந்தச் சாட்சி’ என்று மாற்றிவிடுவார். புதிதாக வருபவர் இந்தச் சடங்கைத் தாண்டி ஓடப் பார்ப்பார். கைதேர்ந்தவர் அங்கேதான் உட்காருவார். என்ன எழுதியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த சொற்கள் அவை. அவற்றை வைத்துத்தான் இந்த எழுத்தரின் ‘ஈ’ எப்படி, ‘ஆர்’ எப்படி என்று ஓர் அட்டவணை போட முடியும். அது கையில் வந்த பிறகே வழக்கின் நடுவில் வரும் புதுப் பெயரைத் தொடும் துணிவு வரும். அப்போதும் ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிட்டு மேலே போவார். தன் பாட்டனைத் தேடி வந்தவருக்கு இந்தப் பொறுமை கடினம். காண விரும்பும் பெயரையே கண் காட்டும்.

பெயர்கள் தனி ரகளை. 1650-களின் குடியரசுக் காலம் நீங்கலாக, 1733 வரை நீதிமன்றச் சடங்கு மொழி லத்தீன். வாக்குமூலத்தின் உடல் ஆங்கிலத்தில் இருந்தாலும் தலைப்பு லத்தீனில் இருக்கலாம். ஐரிஷ்காரரின் டைக் என்ற பெயர் அங்கே தாடேயுஸ் ஆகிவிடும். கொனர் கொர்னேலியுஸ் ஆவார். ஓவன் யூஜேனியுஸ் ஆவார். டியர்மிட் ஜெரமையாவாகவோ டார்பியாகவோ வேறு வேறு தாள்களில் வந்து நிற்பார். ஓசை ஒப்புமை ஒன்றைத் தவிர இந்த ஜோடிகளுக்குள் உறவு கிடையாது. சிலவற்றில் அதுவும் கிடையாது. அயர்லாந்தின் மேற்குக் கரையின் கடல் தலைவி கிரானியா ஓ'மாலியிடம் 1593-இல் பதினெட்டுக் கேள்விகள் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கினார்கள். அவ்வளவு பேர்பெற்ற பெண்ணின் பெயரையே ஆங்கில அலுவலர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தார்கள். சாதாரணப் பாய்மரக்காரனுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்?

வயதை நம்ப வேண்டாம். முப்பதும் நாற்பதும் ஐம்பதும் மிகுதியாக வருவது, பத்துப் பத்தாகச் சொல்லிப் பழகிய நாக்கினால். ஆண்டையும் அப்படியே நம்ப முடியாது. 1752 வரை ஆங்கிலக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஆகவே 1640 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1641. இதைக் கவனிக்காமல் வம்ச மரம் வரைபவர் திருமணத்துக்கு முன்பே பிள்ளையைப் பிறக்க வைத்துக் குடும்ப மானத்தை வாங்கிவிடலாம்.

பிறந்த ஊர் விஷயத்தில் தேவைப்படுவது கூர்மையான ஐயம். பிடிபட்ட கப்பலின் ஆட்களிடம் கேட்க நிலையான கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதல் கேள்வியே எங்கே பிறந்தாய், எங்கே வாழ்கிறாய் என்பது. எதிரியா, தன் நாட்டுக் குடியா என்று தீர்மானிக்கத்தான் அது. 1640-களில் கிளர்ந்தெழுந்த ஐரிஷ் கத்தோலிக்கர்கள் அமைத்த கூட்டாட்சியின் தனியார் போர்க்கப்பல்கள் வெக்ஸ்ஃபோர்டிலிருந்து கிளம்பி ஆங்கிலக் கப்பல்களை வேட்டையாடின. 1644 அக்டோபரில் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது: கடலில் பிடிபடும் ஐரிஷ்காரருக்கு உயிர்ப்பிச்சை கிடையாது. அந்தச் சூழலில் ஒருவர் தன்னை ஃபிளாண்டர்ஸ்காரர் என்று சொல்லிக்கொண்டால், பரம்பரை ஆய்வாளர் உடனே நம்பி ஆன்ட்வெர்ப்புக்குக் கிளம்பக் கூடாது. எழுத்தை வாசிப்பதற்கு இணையாக, அந்தக் கேள்வி என்ன விலை கேட்டது என்பதையும் வாசிக்கத் தெரிய வேண்டும். இந்தக் கலையின் சுவை என் கணக்கில் இங்கேதான் உச்சம்.

வழக்குக் கட்டுகளில் சில சமயம் வழக்கைவிடப் பெரிய புதையல் கிடைக்கும். 1757-இல், பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போரின்போது, போர்தோவிலிருந்து டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘டூ சிஸ்டர்ஸ்’ என்ற ஐரிஷ் கப்பல் பிரிட்டிஷ் தனியார் போர்க்கப்பலிடம் சிக்கியது. அதிலிருந்த தபால் பை வழக்குச் சான்றாக நீதிமன்றத்துக்குப் போனது. போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போகவே இல்லை. 2011-இல் வரலாற்றாசிரியர் தாமஸ் டிரக்ஸஸ் அந்தக் கடிதங்களைக் கண்டெடுத்தார். லூயி கல்லன், ஜான் ஷோவ்லின் இருவரோடு சேர்ந்து 2013-இல் பதிப்பித்தார். போர்தோவில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் ஊருக்கு எழுதியவை அவை. எழுத்தரின் மேற்படிகளில் பழகிய கண்ணுக்கு இது வேறு உலகம். வாக்குமூலத்தில் ஒரே கை எல்லாருக்கும் பேசுகிறது. கடிதக் கட்டில் ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். படிப்பு குறைந்தவர் காதில் கேட்டபடி எழுதிய சொல்லை உரக்க வாசித்துப் பார்த்தால், அவருடைய உச்சரிப்பும் கூடவே கிடைக்கும்.

இப்போது கையெழுத்தைப் படிக்கக் கணினிக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். எரிந்துபோன டப்ளின் காப்பகத்தை இணையத்தில் மீட்டெடுக்க 2022-இல் தொடங்கிய அயர்லாந்தின் மெய்நிகர் ஆவணக் கருவூலம், ‘டிரான்ஸ்கிரிபஸ்’ மென்பொருளைத் துணைக்கு வைத்திருக்கிறது. சீரான எழுத்தரின் கையை அது வேகமாகவே படிக்கிறது. வாக்குமூலத்தின் அடியில் உள்ள தற்குறிக்கு மட்டும் மனிதக் கண் வேண்டும். அத்தனை பக்கங்களில் மாலுமி தன் கையால் வைத்தது அது ஒன்றுதான். எழுதத் தெரியாதவர்களில் சிலர் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருப்பார்கள். சிலர் நங்கூரம் வரைந்திருப்பார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருக்கும்போது, வேறொரு வழக்கின் தாளில் அதே கோணலான நங்கூரம் தென்பட்டால் ஆள் இவராக இருக்கலாம் என்று ஒரு பிடி கிடைக்கும். ஆனால் எல்லாரும் அப்படி ஒரே குறியைக் காப்பாற்றவில்லை. பலர் ஒரு பெருக்கல் குறியோடு வேலையை முடித்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள்.