திரையில் சீறா: ‘அர்ரிஸாலா’ குறித்துச் சில எண்ணங்கள்

குறுந்தகடு நம் இல்லங்களுக்குள் நுழைந்தபோது அதனை ஐயத்துடன் நோக்கியவர்களுள் நானும் ஒருவன். திரையரங்கின் வாசலை மிதியாத குடும்பங்களின் நடுக்கூடத்திற்கே திரைப்படம் வந்து சேர்ந்துவிட்டதே என்பது அன்றைய கவலை. அது முற்றிலும் பிழையன்று. எனினும், வளைகுடாவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் அளித்த ‘அர்ரிஸாலா’ டிவிடியை டோல்கேட்டிலுள்ள எம் இல்லத்தில் குடும்பத்தாருடன் கண்டபின், காணாமல் தீர்ப்பளிப்பது முறையன்று என உணர்ந்தேன்.

சிரியாவில் பிறந்த முஸ்தஃபா அக்காத் 1976-இல் இப்படத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே உருவாக்கினார். காட்சிக்களம் ஒன்றே, நடிகர்கள் வேறு. ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆங்கிலத்தில் அந்தோணி குவினும், அரபியில் எகிப்திய நடிகர் அப்துல்லாஹ் கைஸும் தோன்றினர். ஹிந்தாக முறையே ஐரீன் பாப்பாஸும் சிரியாவின் முனா வாஸிஃபும் நடித்தனர். நிறுத்தியும் திருப்பியும் இரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு தகட்டினால் கிட்டியது. ஆங்கிலத்தில் உரையாடலாக ஒலிப்பது அரபியில் சொற்பொழிவின் வீச்சைப் பெறுகிறது. செந்தரபியை ஏட்டில் மட்டுமே கண்ட மாணவருக்கு முனா வாஸிஃபின் உச்சரிப்பு ஒரு நல்ல பாடம்.

1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஆயுதமேந்திய குழுவொன்று நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்தது. இப்படத்தைத் தடுப்பதும் அதன் கோரிக்கைகளுள் ஒன்று. நபிகளாராக நடிகர் ஒருவர் தோன்றுகிறார் என்ற வதந்தியும் அந்நாளில் உலவியது. படத்திலோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. அலீ (ரலி) அவர்களைக்கூட இருமுனை வாள் ஒன்றே குறிக்கிறது. செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் ஹுஜுராத் அத்தியாயம் இங்கு நினைவுக்கு வருகிறது.

ஆயினும் என் மனக்குறை வேறிடத்தில் உள்ளது. நபிகளார் இருக்குமிடத்தில் அக்காத் கேமராவை நிறுத்துகிறார். தோழர்கள் அதனை நோக்கிப் பேசுகின்றனர். நமக்குக் கேளாத மறுமொழியைத் தாமே எடுத்துரைக்கின்றனர். எட்டடி தொலைவில் அமர்ந்திருந்த என் இளைய மகள் கேட்டாள்: “அத்தா, அவர் நம்மைப் பார்த்தா பேசுகிறார்?”

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. உருவத்தைத் தவிர்த்த பேணுதல், பார்ப்பவரை அறியாமலே அவ்விடத்தில் அமர்த்திவிடுகிறது. தேநீர்க் கோப்பையுடன் சாய்ந்திருக்கும் நம்மை நோக்கி அந்த மரியாதைமிக்க பார்வை திரும்புகிறது. உமறுப் புலவருக்கு இவ்விடர்ப்பாடு நேரவில்லை. சீறாப்புராணத்தின் 5027 விருத்தங்களிலும் நாம் கேட்போராகவே நிற்கிறோம். சொல் நமக்கும் நபிகளாருக்கும் இடையே தூரத்தைக் காக்கிறது. கேமரா அத்தூரத்தை அழித்துவிடுகிறது.

நபித்தோழர்களை நடிகர் ஏற்பதையே ஒப்பாத உலமாக்கள் உளர். அவர்களது கருத்து மதிக்கத்தக்கது. என் அளவில், சீறாவைக் கற்றபின் காண்போருக்கு இப்படம் பயன்தரும். கற்பதற்கு மாற்றாகக் காண்போருக்கு அன்று. குறுந்தகட்டின் காலம் கழிந்துவிட்டது. இன்று கைபேசியிலேயே படம் ஓடுகிறது. அந்தப் பார்வை இப்போது எட்டடி தொலைவிலும் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது. மகளின் வினா முன்னிலும் கூர்மையடைந்துள்ளது.