விரலெலும்புக் காசநோய்: ஊகமும் சான்றும்

குழந்தைகளின் விரல்களிலும் உள்ளங்கை, பாத எலும்புகளிலும் தோன்றும் காசநோய் பெரும்பாலும் ஆறு வயதுக்குள் காணப்படுகிறது. அவ்வயதில் இவ்வெலும்புகளில் குருதியணுக்களை உண்டாக்கும் செம்மஜ்ஜையும் இரத்த ஓட்டமும் மிகுந்திருப்பதால், உடலின் வேறிடத்திலிருந்து இரத்தவழி வரும் கிருமிகள் அங்கே எளிதில் தங்கிவிடுகின்றன. எலும்பின் உட்புறம் அரிக்கப்பட, மேலுறை புதிய எலும்பை அடுக்குவதால், விரல் மிகுந்த வலியின்றியே பருத்து வீங்குகிறது.

எக்ஸ்ரே படத்தையும், தோலில் ஊசியிட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையையும் மட்டும் கொண்டு மருந்தைத் தொடங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதற்குத் தக்க காரணம் இல்லாமல் இல்லை. எலும்புக் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவு. அவற்றை வளர்த்துக் காணும் சோதனைக்கு 6 முதல் 8 வாரம்வரை ஆகலாம். அதற்குள் வளர்ச்சித் தட்டு சிதைந்தால் விரல் குட்டையாகிவிடும்.

ஆயினும் அவ்வழக்கத்தின் அடித்தளம் பலவீனமானது. மாண்டூ சோதனை கிருமி உடலில் புகுந்ததைக் காட்டுமே தவிர, வீக்கத்துக்கு அதுவே காரணம் என்று காட்டாது. ஊட்டம் குன்றிய குழந்தையிடம் அதுவும் பொய்த்துப்போகக்கூடும். சீழ்பிடித்த எலும்பழற்சி, பிறவிச் சிபிலிஸ், அரிவாளணு நோய் ஆகியவையும் எக்ஸ்ரேயில் இதே தோற்றம் தரக்கூடும். நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணு நோய் இருப்பதால், அங்கு இக்குழப்பம் ஏட்டளவிலானதன்று. மருந்துக்கு வீக்கம் வடிந்தது என்பதையே சான்றாகக் கொள்வது இன்னும் பிழையானது: அரிவாளணு வீக்கம் தானே வடியும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், சீழ் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியையும் ஒடுக்கும்.

ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே ஊசியாலோ சிறு கீறலாலோ திசுவை எடுத்து, திசுவியல் ஆய்வுக்கும், கிருமி வளர்ப்புக்கும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சில மணி நேரத்தில் காட்டும் மரபணுச் சோதனைக்கும் அனுப்புவதே முறை. எடுத்தபின், ஐயம் வலுவாக இருந்தால், எல்லா முடிவுகளும் வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம். ஓராண்டு மருந்தின் சுமையோடு ஒப்பிட்டால் இக்கீறல் மிகச் சிறியது.

சிகிச்சையில் இன்றைய நடைமுறை பாராட்டத்தக்கது. இந்தியத் திட்டப்படி முதல் 2 மாதம் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகளும், பின்னர் 10 மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்றும் தரப்படுகின்றன. அறுவை அரிதாகவே தேவைப்படுகிறது. குறை வேறிடத்தில் உள்ளது: நெடுநாள் மாவுக்கட்டிட்டு விரலை அசையாமல் வைப்பதால், நோய் ஆறிய பின்னும் மூட்டு இறுகிப்போகிறது, வலி தணிந்ததும் விரலை மெல்ல மடக்கி நீட்டச் செய்யும் பயிற்சி, மருந்துச் சீட்டில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.