நரியைச் சொல்லாத நூல்

தமிழ் அரிச்சுவடிகளில் ‘ஔ’ என்னும் எழுத்துக்கு ஔவையாரின் படத்தை இடுவது நெடுநாள் வழக்கம். கோலூன்றி நிற்கும் மூதாட்டியைக் காணும் குழந்தை, ‘பாட்டி’ என்று படிக்கும். ஆசிரியர் ‘ஔவை’ என்று திருத்துவார். மறுநாள் முதல் குழந்தையும் படத்தைப் பார்த்து ‘ஔவை’ என்றே ஒப்புவிக்கும். எழுத்தை அது பார்த்ததா என்பது வேறு கேள்வி. (உரலையே கண்டிராத வீட்டுப் பிள்ளைக்கு ‘உ’ படும் பாட்டை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.) படங்களைக் கொண்டு வாசிப்பும் எழுத்தும் கற்பிப்பது நன்றா, தீதா என்று வாதிடுவோர், அது எத்தகைய படம் என்று முதலில் கேட்க வேண்டும்.

படத்தைச் சொல்லின் பெயர்ப்பலகையாக்கும் முறைக்கு மதிப்புமிக்க மூதாதை ஒருவர் உண்டு. மொராவியாவில் 1592இல் பிறந்து, சமயப் பூசல்களால் நாடிழந்து அலைந்த கொமேனியுஸ், 1658இல் நியூரம்பெர்க் நகரில் ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். வானம், நெருப்பு, பறவை, தச்சன் பட்டறை என உலகத்துப் பொருள்கள் அதில் படங்களாயின. படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இட்டு, அதே எண்களை இலத்தீன், செருமானியச் சொற்களுக்கும் இட்டார். எழுத்துகளின் ஒலியைக்கூடக் காகத்தின் கரைதலிலும் ஆட்டுக்குட்டியின் குரலிலும் காட்டினார். பிரம்பின் துணையோடு இலத்தீன் புகட்டிய காலத்தில் இது பெருங்கருணை. எனினும் அந்நூலில் படமும் சொல்லும் ஒன்றையே கூறுகின்றன. ஒன்றைக் கண்டவன் மற்றதைக் காண வேண்டிய கட்டாயமில்லை.

இக்குறையை அளந்து பார்த்தவர் அமெரிக்க ஆய்வாளர் சாமுவேல்ஸ். புதுச் சொற்களைப் படத்தோடும் படமின்றியும் குழந்தைகளுக்குக் கற்பித்து, அவர் 1967இல் முடிவை வெளியிட்டார். வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகள் படமில்லாதபோதே மிகுதியான சொற்களைக் கற்றனர். தேர்ந்தவர்களிடம் வேறுபாடு காணப்படவில்லை. உதவிக்கென வைத்த படம், உதவி மிகவும் வேண்டியவனுக்கே தடையாயிற்று! படநூலை விரும்பும் நம்மைப் போன்றோர் இம்முடிவை ஒதுக்கிவிட்டுப் பேசுதல் நேர்மையன்று.

அதற்கு அடுத்த ஆண்டு, 1968இல், இங்கிலாந்தைச் சேர்ந்த பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த ‘ரோசீஸ் வாக்’ வெளிவந்தது. அவருடைய முதல் படநூல் அது. நூல் முழுவதற்கும் ஆங்கிலத்தில் 32 சொற்களே. அவையும் ஒரே வாக்கியம். ரோசி என்னும் பெட்டைக்கோழி உலாவப் புறப்படுகிறது. முற்றம், குளம், வைக்கோற்போர், மாவாலை, வேலி, தேனீப்பெட்டிகள் ஆகியவற்றைக் கடந்து, உணவு வேளைக்கு வீடு திரும்புகிறது. சொற்கள் கூறுவது இவ்வளவே.

படமோ வேறொரு கதையை நடத்துகிறது. கோழியின் பின்னே நரி ஒன்று பதுங்கி வருகிறது. அது பாயும்போதெல்லாம் கேடு விளைகிறது: தரையில் கிடந்த வாருகோலை மிதித்து முகத்தில் அடிபடுகிறது, குளத்தில் விழுகிறது, வைக்கோலுள் புதைகிறது, மாவு அதன்மேல் கொட்டுகிறது, ஈற்றில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. ஆனால் ‘நரி’ என்னும் சொல் நூலில் ஓரிடத்தும் இல்லை. நரி பாய்வதைக் காட்டும் பக்கத்தில் கோழியைப் பற்றிய சொற்கள் உண்டு. அது வீழும் பக்கத்தில் சொல்லே இல்லை. அந்த வெறுமையைக் குழந்தைதான் நிரப்ப வேண்டும். கூச்சலிட்டு நிரப்பியும் விடுகிறது. வாசிப்பின் நுட்பங்களை நூலே கற்பித்துவிடும் என 1988இல் வாதிட்ட மார்கரெட் மீக், இந்நூலைச் சான்றாகக் கொண்டது பொருத்தமே.

சாமுவேல்ஸின் தடைக்கு விடையும் இங்கேயே கிடைக்கிறது என்பது என் கருத்து. படத்தை மட்டும் பார்த்து ஊகிக்கும் குழந்தை, ‘நரி குளத்தில் விழுந்தது’ என்றே படிக்கும். ஆசிரியர் சொற்களின்மேல் விரல் வைத்து, ‘இதில் நரி எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் போதும். குழந்தை ஒவ்வோர் எழுத்தாகத் தேடும். இல்லை என்று கண்டதும் நகைக்கும். ‘ஔவை’யை ஒப்புவித்தபோது வராத வேலை, எழுத்தைச் சரிபார்க்கும் வேலை, இங்கு வந்துவிடுகிறது. கற்பித்தலுக்கு உதவுவது படத்தின் அழகன்று. படத்துக்கும் சொல்லுக்கும் இடையே விட்ட தூரம்.

எழுதப் பழக்குவதற்கும் அத்தூரமே இடம் தருகிறது. படத்தைக் காட்டி ‘ஐந்து வாக்கியம் எழுதுக’ என்றால், ‘இது கோழி. இது குளம்.’ என்று வரும். அதில் எழுதியவனுக்கே அக்கறை இராது. நரி தன் மனைவியிடம் அன்றைய நாளைக் கூறுவதாக எழுதச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுமா, பெருமை பேசுமா? மாவு படிந்த மேனிக்கு என்ன காரணம் கற்பிக்கும்? ஏழு வயதுப் பிள்ளைக்கு இது கடினமான கேள்வி. ஆயினும் எழுதத் தகுந்த கேள்வி.

இக்கதையைத் தமிழில் சொல்லிப் பார்க்கையில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று கிட்டுகிறது. ஆங்கிலத்தில் வினை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இடங்கள் அடுக்கடுக்காகப் பின்தொடர்கின்றன. தமிழிலோ முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, போர்மேல் ஏறி என்று வினையெச்சங்களாகவே நடந்து, வீட்டு வாயிலில்தான் முற்றுவினை வரும். எச்சத்தில் நிற்கும் ஒவ்வொரு பக்கமும் அடுத்ததைப் புரட்டத் தூண்டும். இலக்கண வகுப்பில் வறண்டு கிடக்கும் வினையெச்சம் உயிர்பெற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குறையும் உண்டு. 32 சொற்களைக் கொண்டு எவரும் ஒரு மொழியை வாசிக்கக் கற்றுவிட முடியாது. எழுத்து அறிவித்தலை முறையாக வேறிடத்தில் செய்தே ஆக வேண்டும். நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஒரே படியைத் தூக்கிக் காட்டினால், கடைசி வரிசைக்கு நரி தெரியாது. அவ்வரிசைக்குக் கதை, உலாவிவிட்டு உண்ண வந்த கோழி மட்டுமே. ஆதலால் வட்டமாக அமர்த்தி, நான்கைந்து பேருக்கு ஒரு படி என்று கொடுக்க வேண்டும். கோழிக்கு நரி வருவது தெரியுமா, தெரியாதா என்பதில் பிள்ளைகள் இரு கட்சியாவது உறுதி. கோழியின் முகத்தில் மாற்றம் எதையும் ஆசிரியை வரையவில்லை. அந்த வழக்கைப் பிள்ளைகளே எழுதித் தீர்க்கட்டும்; சிவப்பு மை அன்று ஒருநாள் மேசைக்குள் இருக்கலாம்.