சீதைக்கு ஒரு பழைய இசைத்தட்டு

டிஸ்னி நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ‘ஹெர்குலிஸ்’ சித்திரப்படத்தின் மேல் நண்பரொருவர் வைத்த குற்றச்சாட்டு இது: கிரேக்கப் புராணத்துக்குள் அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயப் பாட்டு எப்படி நுழையலாம்? காலவழு அல்லவா?

காலவழு என்பதற்காகவே எதையும் தள்ள நான் தயாராக இல்லை. பண்டைக் கிரேக்க இசையில் எஞ்சியவை சில துணுக்குகள். முழுசாகக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது, சீகிலோஸ் என்ற பெயர் பொறித்த கல்லறைக் கல்லில் உள்ள சின்னஞ்சிறு பாட்டு. இதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரப் படம் எடுக்க முடியாது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வாத்தியக் கோஷ்டியைக் கொண்டுவந்து உட்கார்த்துகிறார்கள். எகிப்திய மன்னனுக்குப் பின்னால் வயலின்கள் அழுதால் எவரும் வழு என்பதில்லை. அந்தப் பொய் காதுக்குப் பழகிவிட்டது. நம் தெருக்கூத்தில் திரௌபதியின் துயரத்துக்கு ஹார்மோனியம் வாசிப்பதை யார் கேட்டார்கள்?

கேட்க வேண்டியது வேறு. இரவல் வாங்கிய இசை தன் காலத்தையும் கூடவே எடுத்து வருகிறதா, இல்லையா?

‘ஹெர்குலி’ஸில் எடுத்து வரவில்லை. சார்ல்டன் ஹெஸ்டனின் கனத்த குரல் கதையை ஆரம்பிக்க, கலைத்தேவியர் இடைமறித்துப் பறித்துக்கொள்வது நல்ல கேலிதான். ஒன்பது தேவியர் ஐவரானதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர்கள் பாடும் முறை, அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததி தங்கள் ஒரே கடவுளிடம் மன்றாடி வளர்த்தெடுத்த ஒன்று. அதைக் கொண்டு ஸீயஸின் புகழைப் பாட வைத்தால் இரண்டு உலகங்கள் மோதியிருக்க வேண்டும். ஆலன் மெங்கனின் மெட்டுகளில் அந்த மோதலின் சுவடே கிடையாது. மன்றாட்டை விட்டுவிட்டுக் கைதட்டலை மட்டும் எடுத்திருக்கிறார்.

நினா பேலியின் ‘சீதா சிங்ஸ் தி புளூஸ்’ (2008) பார்த்தபோதுதான் இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. பெரும்பாலும் ஒருத்தியே உட்கார்ந்து செய்த 82 நிமிஷப் படம். கணவன் வேலைக்காகத் திருவனந்தபுரம் போகிறான். நியூயார்க் வந்திருக்கும் மனைவிக்கு மின்னஞ்சலில் முறிவைத் தெரிவிக்கிறான். பேலியின் சொந்தக் கதை. இதன் ஊடாக ராமாயணம். மூன்று நிழற்பாவைகள் அதை அரைகுறையாக ஞாபகப்படுத்தித் தர்க்கம் செய்கின்றன. சீதை பாட வாய் திறந்தால் அனெட் ஹான்ஷாவின் குரல், 1920களின் பிற்பகுதியில் தட்டில் பதிவான அதே ஜாஸ் பாட்டுகள். படத்துக்காகச் செய்ததல்ல, ஆகவே வளைந்து கொடுப்பதில்லை. சித்திரம்தான் தட்டுக்கு அடங்கிப் போகிறது. காட்டில் ராமன் அரக்கர்களை வெட்டிச் சாய்க்கையிலும் இவள் கொஞ்சலாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு முடிந்ததும் சிறுபிள்ளை மாதிரி ‘அவ்வளவுதான்’ என்று சொல்வது ஹான்ஷாவின் முத்திரை. நான் சிரித்தேன், உடனே சங்கடமாகவும் இருந்தது. புராணத்தின் வருஷம், இசைத்தட்டின் வருஷம், மின்னஞ்சலின் வருஷம் மூன்றும் தனித்தனியே காதில் விழுகின்றன.

அந்தத் தட்டின் வருஷம் பேலியின் கைப்பணத்தையும் தின்றது. பாட்டுகளை இயற்றியவர்களின் உரிமை காலாவதியாகியிருக்கவில்லை. 50,000 டாலர் கட்டினார். பிறகு 2009-இல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று படத்தை இனாமாக விட்டுவிட்டார். ராமாயணத்துக்கு உரிமையாளர் இல்லை என்று எண்ணியிருப்பார் போலும். சில இந்து அமைப்புகள் கிளம்பின. வேறு சிலர் வெள்ளைக்காரியின் அபகரிப்பு என்றார்கள். இரு தரப்பும் படத்தைக் காதால் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டிருந்தால் எழுப்ப வேண்டிய ஆட்சேபம் ஒன்று உண்டு. வால்மீகியின் சீதை தீயில் இறங்குமுன், பாமரன் பாமரப் பெண்ணிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசுகிறாயே என்று ராமனை நேருக்கு நேர் கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு ஹான்ஷாவிடம் பாட்டு கிடையாது. அந்தக் கட்டத்திலும் தட்டு கொடுப்பது முறையீடுதான். உதைத்தாலும் அவனே வேண்டும் என்ற ஏக்கம். தன் காலத்தைச் சுமந்து வந்த இசை, தன் காலத்துப் பெண்ணின் எல்லையையும் சுமந்து வந்துவிட்டது. சீதை ஒரு படி இறங்கித்தான் போகிறாள்.

பேலிக்கும் இது உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். கணவனின் முறிவுச் செய்தி வந்தபின் படத்தில் ஒரு அக்கினிப் பரீட்சை ஆட்டம் வருகிறது. அங்கே ஹான்ஷா இல்லை. புதிதாக அமைத்த இசை. நிஜமாக ஆடிய ஒரு பெண்ணின் உடலசைவுகள் மேல் வரைந்த கோடுகள். சீதையின் கோபம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மட்டும் பழைய தட்டு ஒன்றும் அகப்படவில்லை.